ஒரு பதினேழு வயதுச் சந்தேகமும் நமது கடமையும்

பெருநகரம் ஒன்றில் வாசிப்பு வட்டம் முடிந்து, தோழர்கள் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த நேரம். தொழிற்சங்கத் தோழர் ஒருவரின் மகன் தயங்கியபடி அருகில் வந்தான். பன்னிரண்டாம் வகுப்பு மாணவன், பதினேழு வயது. “தோழர், ஒரு சந்தேகம்” என்றான். அன்று வாசித்த நூலைப் பற்றித்தான் கேட்கப்போகிறான் என்று நினைத்தேன்.

“ஆண்களிடம்தான் எனக்கு ஈர்ப்பு என்று இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அப்பாவிடம் சொன்னேன். அது உங்களுக்கும் தெரியும். இப்போது அதுவும் சரிதானா என்று தெரியவில்லை. ஒருவனைப் பார்த்தால் மனம் நிறைகிறது. அவன் வகுப்புக்கு வராத நாள் வீணான நாளாகத் தோன்றுகிறது. ஆனால் என் வயதுப் பையன்கள் பேசிக்கொள்கிற ஆசை எதுவும் எனக்கு வரவில்லை. யார்மீதும் வந்ததில்லை. ‘ஏசெக்சுவல்’ என்று ஒரு சொல்லைப் படித்தேன். நான் அதுவா? அப்படியென்றால் அப்பாவிடம் நான் சொன்னது பொய்யா?”

“வயது இருக்கிறது, எல்லாம் தானாகச் சரியாகிவிடும்” என்று சொல்ல வாய் திறந்தேன். நல்லவேளை, சொல்லவில்லை. ஏனெனில் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அவனுடைய உறவினர்கள் அவனிடம் சொன்ன வாசகமும் அதுவேதான். அவன் இசைவோடு, அவனை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றி, இதை எழுதுகிறேன். அவனுடைய சந்தேகத்துக்கு விடை சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனால் அந்தச் சந்தேகத்தை அச்சமின்றிக் கேட்பதற்கு நமது வீடுகளில், பள்ளிகளில், இயக்கத்தில் இடம் இருக்கிறதா என்ற கேள்விக்கு நாம் பதில் சொல்லியாக வேண்டும்.

இரண்டும் ஒன்றல்ல

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். தன் பாலினத்தவரிடம் ஈர்ப்புக் கொள்வது தன்பாலீர்ப்பு. எந்தப் பாலினத்தவரிடமும் உடல்சார்ந்த நாட்டம் எழாமலிருப்பது, அல்லது மிக அரிதாகவே எழுவது பாலீர்ப்பின்மை. மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்று இருக்கும்போது மற்றொன்று இருக்க முடியாது என்று தோன்றும். வாழ்க்கை அப்படி அமைவதில்லை. அன்பும் ஏக்கமும் தோழமையும் ஒரு திசையில் செல்லலாம். உடலின் நாட்டம் அவற்றைப் பின்தொடராமலும் இருக்கலாம். பெரும்பாலானோரிடம் இவ்விரண்டும் சேர்ந்தே வருவதால் இவற்றை ஒன்றென்று நாம் எண்ணிப் பழகிவிட்டோம். ஆகவே அந்த மாணவன் ஆண்களை நேசிப்பவனாகவும், அதே வேளையில் பாலீர்ப்பு இல்லாதவனாகவும் இருப்பதற்கு எந்தத் தடையும் இல்லை. அப்படி இல்லாமலும் இருக்கலாம். சிலருக்கு நாட்டம் பிந்தி எழுகிறது.

இது நேற்று முளைத்த நாகரிகமும் அல்ல. அமெரிக்க ஆய்வாளர் ஆல்பிரட் கின்ஸி 1948ஆம் ஆண்டில் மனிதரின் பாலீர்ப்பை 0 முதல் 6 வரையிலான அளவுகோலில் வகைப்படுத்தியபோது, அந்த அளவுகோலில் எங்கும் பொருந்தாதவர்களுக்காக ‘எக்ஸ்’ என்ற தனிப்பிரிவு ஒன்றை வைத்தார். அந்தப் பிரிவு நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தது. 2004ஆம் ஆண்டில் கனடிய உளவியலாளர் ஆன்டனி போகார்ட், பிரிட்டனில் 18,000க்கும் மேற்பட்டோரிடம் திரட்டப்பட்ட தரவுகளை ஆராய்ந்தார். யார்மீதும் தமக்கு ஒருபோதும் பாலீர்ப்பு எழுந்ததில்லை என்று கூறியவர்கள் ஏறத்தாழ ஒரு விழுக்காட்டினர். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013ஆம் ஆண்டில் வெளியிட்ட நோய் வகைப்பாட்டு நூலும், தம்மைப் பாலீர்ப்பற்றவர் என்று அறிந்து கூறுவோரின் நாட்டமின்மையை நோயாகக் கணக்கிடக் கூடாது என்று தெளிவுபடுத்தியது.

இன்னொரு குழப்பத்தையும் விலக்க வேண்டும். பாலீர்ப்பின்மை பிரம்மச்சரியம் அல்ல. பிரம்மச்சரியம் என்பது இருக்கும் ஆசையை அடக்குவதற்கு எடுத்துக்கொள்ளும் விரதம். இங்கே அடக்குவதற்கே எதுவும் இல்லை. ஆனால் நமது சமூகத்தின் விந்தையைப் பாருங்கள்: ஆசையற்றிருப்பது துறவிக்குப் புகழ், அதுவே மாப்பிள்ளைக்குப் பழி. காவி உடுத்தியவரிடம் காலில் விழுந்து வணங்கும் குணத்தை, வீட்டுப் பிள்ளையிடம் கண்டால் மருத்துவரிடம் இழுத்துச் செல்கிறோம்.

சட்டம் வந்தடைந்த இடம்

ஆங்கிலேயர் 1860ஆம் ஆண்டில் இயற்றிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆவது பிரிவு தன்பாலீர்ப்பாளர்களைக் குற்றவாளிகளாக்கியது. தில்லி உயர்நீதிமன்றம் 2009ஆம் ஆண்டில் வழங்கிய விடுதலையை 2013ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றமே பறித்தது. நீண்ட போராட்டத்துக்குப் பின், 2018 செப்டம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு, வயதுவந்தோர் விருப்பத்துடன் கொள்ளும் உறவு குற்றமல்ல என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 2023 அக்டோபர் 17 அன்று திருமண உரிமை வழக்கில் அதே நீதிமன்றம் கைவிரித்தது. நாடாளுமன்றம் பார்த்துக்கொள்ளட்டும் என்றது. நாடாளுமன்றத்தில் பெரும்பான்மை வைத்திருப்பவர்களோ, இது ‘நகர்ப்புற மேட்டுக்குடியினரின்’ கருத்து என்று அந்த நீதிமன்றத்திலேயே எழுதிக்கொடுத்தவர்கள்.

இந்தப் போராட்டங்கள் அனைத்தும் விரும்பியவரோடு சேர்ந்து வாழும் உரிமைக்கானவை. அவற்றின் மறுபக்கமாக இன்னோர் உரிமையும் இருக்கிறது: விரும்பாதபோது சேராமலிருக்கும் உரிமை. அந்த மாணவனின் சந்தேகம் நம்மை அங்கேதான் கொண்டு நிறுத்துகிறது. இந்த மறுபக்கத்தில் நமது சட்டம் எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்று பாருங்கள்.

1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தின் 9ஆவது பிரிவு, பிரிந்து சென்ற கணவனையோ மனைவியையோ மீண்டும் சேர்ந்து வாழுமாறு நீதிமன்றம் ஆணையிட வழிசெய்கிறது. ஆந்திரப் பிரதேச உயர்நீதிமன்றம் 1983ஆம் ஆண்டில் இதை அரசியல் சாசனத்துக்கு முரணானது என்றது. அடுத்த ஆண்டே உச்சநீதிமன்றம் இப்பிரிவு செல்லும் என்றது. மனைவியின் விருப்பமின்றிக் கணவன் கொள்ளும் உறவு வன்புணர்ச்சி ஆகாது என்ற பழைய விதிவிலக்கு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆவது பிரிவிலும் அப்படியே இடம்பெற்றிருக்கிறது. பெயரை மாற்றினார்கள், காலனியத்தின் சுமையைக் கழற்றிவிட்டதாக முழங்கினார்கள், மனைவியின் உடல் கணவனின் உடைமை என்ற கருத்தை மட்டும் பத்திரமாக எடுத்துவைத்துக்கொண்டார்கள்.

குடும்பமும் சொத்தும்

இது ஏன் இப்படி இருக்கிறது என்பதற்கு நமக்குப் பழக்கமான விளக்கம் ஒன்று உண்டு. ‘குடும்பம், தனிச்சொத்து, அரசு ஆகியவற்றின் தோற்றம்’ என்ற நூலை எங்கெல்ஸ் 1884ஆம் ஆண்டில் எழுதினார். ஒருதார மணக் குடும்பம் காதலின் விளைவாகத் தோன்றவில்லை. சொத்தைத் தன் வாரிசுக்கே கையளிக்கும் தேவையிலிருந்து தோன்றியது என்பது அந்நூலின் மையக் கருத்து. இந்தியாவில் சொத்தோடு சாதியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நமது திருமணம் ஒரே நேரத்தில் வாரிசை உருவாக்குகிறது, வரதட்சணையைக் கைமாற்றுகிறது, சாதியின் எல்லையைக் காக்கிறது. சாதி மாறிக் காதலித்த பெண்ணைக் கொல்லத் துணியும் அதே அமைப்பு, யாரையும் நாடாத பையனை நோயாளி என்கிறது. இரண்டு இடத்திலும் மணமக்களின் விருப்பம் கேட்கப்படுவதில்லை.

ஆகவே அந்த மாணவனின் அச்சத்துக்கு அடிப்படை உண்டு. “எனக்குப் பெண்களிடம் நாட்டமில்லை” என்று அவன் சொன்னபோது குடும்பம் அதிர்ந்தது. “எனக்கு யாரிடமும் நாட்டமில்லை” என்று சொன்னால் என்ன நடக்கும்? உறவினர்கள் மகிழக்கூடும். “அப்படியானால் தடை ஏதும் இல்லையே, ஒரு பெண்ணைப் பார்த்துக் கட்டிவைத்துவிடலாம்” என்று தரகரை அழைக்கக்கூடும். பையனின் சந்தேகம் அவனுக்கு எதிரான ஆதாரமாக மாறும். இதில் அழிவது அவன் வாழ்க்கை மட்டுமல்ல. எதுவும் அறியாமல் கழுத்தை நீட்டும் ஒரு பெண்ணின் வாழ்க்கையும்தான். பிள்ளை பிறக்கவில்லை என்று நாளை ஊர் குற்றம் சாட்டப்போவது அவளைத்தான்.

குடும்பம் நெருக்கும் இடத்தில் சந்தை கடை விரிக்கிறது. வட இந்திய ரயில் பாதையோரச் சுவர்களில் எழுதப்பட்டிருக்கும் ‘ரகசிய நோய்’ விளம்பரங்களும், ஊர் ஊராக விடுதி அறை எடுத்து ‘ஆண்மைக்குறைவு’ நீக்கும் வைத்தியர்களும் நமக்குப் பழக்கமான காட்சி. இத்தகைய விளம்பரங்களை 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய மருந்துகள் சட்டம் தடைசெய்திருக்கிறது. எழுபது ஆண்டுகளாகச் சட்டமும் இருக்கிறது, விளம்பரமும் இருக்கிறது. கைப்பேசித் திரையிலோ இன்னும் நவீனமான வணிகம் நடக்கிறது. சோப்பு முதல் மகிழுந்து வரை ஆசையைத் தூண்டித்தான் விற்கிறார்கள். எல்லோரும் எப்போதும் ஆசைப்பட்டுக்கொண்டே இருந்தாக வேண்டும் என்று கட்டளையிடும் உலகில், ஆசை வராத பிள்ளை தன்னிடம் ஏதோ பழுதிருப்பதாகவே எண்ணுகிறான்.

அச்சத்தின் நடுவே விடை கிடைக்காது

அவன் உண்மையிலேயே பாலீர்ப்பற்றவனா? அல்லது இரண்டு ஆண்டுகளாக வீட்டிலும் பள்ளியிலும் பட்ட அவமானம் அவனுடைய உணர்வை ஒடுக்கிவிட்டதா? இந்தக் கேள்வியை அவனே என்னிடம் எழுப்பினான். “பயத்தினால் இப்படி ஆகிவிட்டேனோ?” என்றான். இதை வெளியிலிருந்து யாரும் தீர்மானிக்க முடியாது. அச்சம் இருக்கும் வரை அவனாலும் தீர்மானிக்க முடியாது. தட்பவெப்பம் எப்போதும் ஒன்றாகவே இருக்கும் இடத்தில் ஒரு விதை ஏன் முளைக்கவில்லை என்று சொல்ல இயலுமா? அச்சத்தை அகற்றினால்தான் அவனுடைய இயல்பு எது, அச்சத்தின் தழும்பு எது என்று பிரித்தறியும் வாய்ப்பு அவனுக்குக் கிடைக்கும். சுதந்திரம் என்பது விடை கிடைத்த பிறகு வழங்கும் பரிசு அல்ல. விடையைத் தேடுவதற்கே தேவைப்படும் முன்நிபந்தனை.

இங்கே முற்போக்காளர்களும் ஒரு தவறு செய்கிறோம். பழமைவாதி “நீ இப்படி இருக்க முடியாது” என்கிறார். நாமோ “நீ எதுவென்று முடிவாகச் சொல், ஆதரிக்கிறோம்” என்கிறோம். அடையாளம் உறுதியானால்தான் மரியாதை என்பதும் ஒருவகை மிரட்டல்தான். பதினைந்து வயதில் சொன்னதைப் பதினேழு வயதில் திருத்துபவன் பொய்யன் அல்ல. அன்று தெரிந்த உண்மையை அன்று சொன்னான். இன்று தெரிவதை இன்று சொல்கிறான். அவன் தந்தை உறவினர்கள் முன்னால் அவனுக்காக வாதாடினார். அந்த வாதத்தைக் காப்பாற்றுவதற்காகவே தன்னைப் பற்றிய சந்தேகத்தை அவன் மறைத்துக்கொண்டிருக்கிறான் என்பதை அறிந்தபோது எனக்கு வேதனையாக இருந்தது. ஆதரவும் கடனாகிவிட்டால் பாரம்தான்.

அவன் எங்கே போவான்?

பள்ளியில் கேட்கலாமா? 2005ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தை 2007ஆம் ஆண்டில் மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம் உள்ளிட்ட பல மாநிலங்கள் தடைசெய்தன. வெங்கய்ய நாயுடு தலைமையிலான மாநிலங்களவை மனுக்கள் குழு 2009ஆம் ஆண்டில் பள்ளிகளில் பாலியல் கல்வியே கூடாது என்று பரிந்துரைத்தது. 2021ஆம் ஆண்டில் திருநர் குழந்தைகளைப் பள்ளியில் எவ்வாறு அரவணைப்பது என்பது குறித்து என்சிஇஆர்டி ஆசிரியர்களுக்காக ஒரு கையேட்டை வெளியிட்டது. வலதுசாரிகள் கூச்சலிட்டதும் சில நாட்களிலேயே அது இணையதளத்திலிருந்து மறைந்தது. குழந்தைகளிடமிருந்து அறிவை மறைத்தால் அவர்கள் தூய்மையாக இருப்பார்கள் என்று நம்புகிறவர்கள், அந்த வெற்றிடத்தை ஆபாசக் காணொளிகளும் போலி வைத்தியர்களும் நிரப்புவதைக் கண்டுகொள்வதில்லை.

மருத்துவரிடம் போகலாமா? 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், சமூகத்தில் நிலவும் ஒழுக்க, பண்பாட்டு மதிப்பீடுகளுக்கு ஒருவர் இணங்காததை வைத்து அவரை மனநோயாளி என்று தீர்மானிக்கக் கூடாது என்கிறது. இது நல்ல சட்டம். ஆனால் பதினெட்டு வயது நிரம்பாதவருக்கு அதே சட்டப்படி பெற்றோரே பிரதிநிதி. பெற்றோருக்கு அஞ்சும் பிள்ளைக்கு அந்தக் கதவு பாதிதான் திறந்திருக்கிறது.

இயல்பை மாற்றுவதாகச் சொல்லும் ‘மாற்றச் சிகிச்சை’ என்ற கொடுமையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2021 ஜூன் மாதத்தில் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் அளித்த உத்தரவு இதற்குத் தடைவிதித்தது. அதன் தொடர்ச்சியாக 2022ஆம் ஆண்டில் தேசிய மருத்துவ ஆணையம் இதை மருத்துவர்களின் தொழில்முறை ஒழுங்கீனம் என்று அறிவித்தது. தனக்கு நாட்டம் வர வேண்டும் என்று பாலீர்ப்பற்ற பிள்ளைக்கு மருந்து கொடுப்பதும், நாட்டத்தின் திசையை மாற்ற வேண்டும் என்று தன்பாலீர்ப்புப் பிள்ளைக்கு மருந்து கொடுப்பதும் ஒரே வன்முறையின் இரு வடிவங்கள். ஆணையத்தின் அறிவிப்பு பதிவுபெற்ற மருத்துவர்களை மட்டுமே கட்டுப்படுத்தும். சாமியார்களையும் போலி வைத்தியர்களையும் கட்டுப்படுத்த நாடு முழுமைக்குமான சட்டம் தேவை.

நமது வரலாற்றிலிருந்து

“விலைவாசி, வேலையின்மை, நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் என்று இத்தனை போராட்டங்கள் இருக்க, இது நமக்குத் தேவையா? இது நடுத்தர வர்க்கத்தின் பிரச்சனை அல்லவா?” என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குத் தனி அறை உண்டு, தனிக் கைப்பேசி உண்டு, ஆயிரக்கணக்கில் கட்டணம் வாங்கும் ஆலோசகர் உண்டு, நெருக்கடி முற்றினால் வெளியூர்க் கல்லூரி உண்டு. ஒற்றை அறை வீட்டில் ஆறு பேரோடு வாழும் தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கு இவற்றில் எதுவும் இல்லை. வீட்டை விட்டு வெளியேற்றப்பட்டால் அவனுக்கு அடுத்த வேளை உணவே கேள்விக்குறி. இது நடுத்தர வர்க்கப் பிரச்சனை போலத் தோன்றுவதற்குக் காரணம், பேசும் வசதி அவர்களுக்கு மட்டும் இருப்பதுதான்.

நமது மரபும் இதற்குப் புதியதல்ல. ஜெர்மன் நாடாளுமன்றத்தில் தன்பாலீர்ப்பைக் குற்றமாக்கிய 175ஆவது பிரிவை நீக்குமாறு 1898ஆம் ஆண்டில் குரல் கொடுத்தவர் சோசலிஸ்டுத் தலைவர் ஆகஸ்ட் பெபல். புரட்சிக்குப் பிந்தைய ரஷ்யாவின் 1922ஆம் ஆண்டுக் குற்றவியல் சட்டத்தில் அது குற்றமாக இடம்பெறவில்லை. 1934ஆம் ஆண்டில் அது மீண்டும் குற்றமாக்கப்பட்டது என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. கியூபாவில் 1960களின் நடுப்பகுதியில் தன்பாலீர்ப்பாளர்கள் உழைப்பு முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அந்த அநீதிக்குத் தாமே பொறுப்பு என்று 2010ஆம் ஆண்டில் மெக்சிகோ நாளேடு ஒன்றுக்கு அளித்த நேர்காணலில் பிடல் காஸ்ட்ரோ ஒப்புக்கொண்டார். 2022 செப்டம்பர் 25 அன்று கியூப மக்கள் வாக்கெடுப்பின் மூலம் புதிய குடும்பச் சட்டத்தை ஏற்றுக்கொண்டார்கள். வாக்களித்தோரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரித்தனர். தவறைத் தவறென்று ஒப்புக்கொண்டு திருத்திக்கொள்வதும் புரட்சிகர மரபுதான்.

செய்ய வேண்டியவை

வயதுக்கேற்ற, அறிவியல்பூர்வமான பாலியல் கல்வியை எல்லாப் பள்ளிகளிலும் நடைமுறைப்படுத்தக் கோர வேண்டும். அதில் தன்பாலீர்ப்பும் பாலீர்ப்பின்மையும் மனித இயல்பின் பகுதிகளாக இடம்பெற வேண்டும். அரசுப் பள்ளி ஒவ்வொன்றிலும் பயிற்சி பெற்ற, நிரந்தரப் பணியிலுள்ள ஆலோசகர் வேண்டும். ஒன்றிய அரசு 2022ஆம் ஆண்டில் தொடங்கிய 14416 என்ற கட்டணமில்லா மனநல உதவி எண்ணைப் பிள்ளைகள் அறியச் செய்ய வேண்டும். அங்கே பணிபுரிவோருக்கு இந்தப் பொருளில் முறையான பயிற்சி அளிக்கக் கோர வேண்டும். விருப்பமற்ற திருமணத்துக்கும் திருமணத்துக்குள் நடக்கும் வன்புணர்ச்சிக்கும் எதிரான மாதர் இயக்கத்தின் போராட்டத்தில், இந்தப் பிள்ளைகளின் நலனும் அடங்கியிருக்கிறது என்று உணர வேண்டும்.

இவையெல்லாம் அரசிடம் கேட்பவை. நம்மிடம் நாமே கேட்க வேண்டியதும் உண்டு. மாநாட்டு மேடையில் தீர்மானம் நிறைவேற்றிவிட்டு, தேநீர் இடைவேளையில் இத்தகையோரைக் கேலி பேசும் வழக்கம் நம்மிடம் இல்லையென்று சொல்ல முடியுமா? இருபத்தெட்டு வயதாகியும் மணமுடிக்காத தோழரை “எப்போது சாப்பாடு போடப்போகிறீர்கள்?” என்று ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்கிறோமே, அவர் எதைச் சுமந்துகொண்டு சிரிக்கிறார் என்று எண்ணியதுண்டா? திருமணம் ஒருவரின் தேர்வு, கடமை அல்ல. இதை முதலில் நமது கிளைகளில் நடைமுறையாக்குவோம்.

அன்று அந்த மாணவனிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: “நீ சொன்னது பொய்யல்ல. இன்றே முடிவு செய்ய வேண்டிய அவசியமும் இல்லை. நாளை வேறு மாதிரி தோன்றினாலும் குற்றமில்லை. பொதுத்தேர்வுக்குப் படி.” அவன் சிரித்தான். பிறகு, “அப்பாவிடம் இதைச் சொல்லத்தான் வேண்டுமா?” என்று கேட்டான்.

“உனக்குச் சொல்லத் தோன்றும் நாளில் சொல். அந்த நாளுக்குள் உன் அப்பாவைப் போன்றவர்களைத் தயார்படுத்த வேண்டியது எங்கள் வேலை” என்றேன்.

தோழர்களே, அந்த வேலையை இந்தக் கட்டுரையிலிருந்து தொடங்கியிருக்கிறேன். எஞ்சியது உங்கள் வீடுகளில் நடக்க வேண்டும்.